மலை ஏன் ஆயுதம் ஏந்தவில்லை?

1983 ஜூலை 25, திங்கட்கிழமை. கொழும்பு பற்றி எரிந்துகொண்டிருந்தது. ஊவா மாகாணத்தின் தலைநகரான பதுளையில் அன்று எதுவும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே கழிந்தது. புதன்கிழமை முற்பகல் பத்தரை மணியளவில், நகரின் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு முன்னால் ஒரு தமிழரின் மோட்டார் சைக்கிளுக்குத் தீ வைத்தார்கள். நண்பகலளவில் ஒரு கும்பல் கடைத்தெருவுக்குள் இறங்கியது. கடைகளுக்குப் பிறகு வீடுகள். அதன்பின் கைப்பற்றிய வேன்களிலும் பஸ்களிலும் ஏறிக்கொண்டு கும்பல் ஹாலி எல, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் புறப்பட்டது. இரவாவதற்குள் லுணுகலையிலும் நெருப்பு.

அந்த ஜூலைக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஆயுத இயக்கங்களில் சேர்ந்தார்கள். 26 ஆண்டுகள் நீடித்த போர் அப்போது தொடங்கியது என்றுதான் வரலாறு எழுதப்படுகிறது. பதுளையைச் சுற்றியுள்ள மலைகளில் வாழ்ந்த தமிழர்களோ மறுபடியும் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போய்ப் பெயர் கொடுத்தார்கள், கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்க ஏறினார்கள். அவர்களுக்கு நேர்ந்த அநீதி வடக்குத் தமிழருக்கு நேர்ந்ததைவிடக் குறைந்ததல்ல. சில வகைகளில் அதிகம். ஆனாலும் ஊவாத் தோட்டங்களிலிருந்து ஓர் ஆயுதப் போராட்டம் எழவில்லை.

போரின் காரணங்களை ஆராய்வோர் பெரும்பாலும் போர் மூண்ட இடங்களுக்கே போகிறார்கள். ஒரே வீட்டில் ஒரே பானைச் சோற்றை உண்டவர்களில் காய்ச்சல் கண்டவரை மட்டும் சோதித்து, காணாதவரைக் கேளாமல் விடுவதைப் போன்றது அது. ஊவாத் தோட்டங்கள் காய்ச்சல் காணாத அந்த இரண்டாமவர். அவரைக் கேட்டால் பழக்கப்பட்ட விடைகள் பலவும் ஆட்டம் காண்கின்றன.

முதலில் அநீதியின் கணக்கு. 1947 பொதுத் தேர்தலில் மலையகத் தொகுதிகள் பலவற்றின் முடிவைத் தோட்டத் தொழிலாளரின் வாக்கு தீர்மானித்தது; இலங்கை இந்தியர் காங்கிரஸ் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. பசறையிலும் ஹப்புத்தளையிலும் லயத்தில் (தோட்டத்து வரிசைக் குடியிருப்பில்) பிறந்து, அதே லயத்தில் பிள்ளை பெற்றவர்கள் ஒரே கையெழுத்தில் நாடற்றவர்களானார்கள். ‘கள்ளத்தோணி’ என்ற வசை அரச அலுவலகம் வரை புழங்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்பதென்று. அந்த மீதியையும் 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் எவரும் கேட்கவில்லை. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு ஆளேற்றிச் சென்ற ரயிலுக்கு மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வைத்தார்கள். அண்ணன் வண்டிக்குள், தங்கை மேடையில். 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் அப்படிப் போனார்கள்.

இத்தனை இருந்தும் ஏன்?

பயந்த மக்கள், படிக்காத மக்கள் என்ற விடை பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. அது தவறு. பதுளைக்கு அருகிலுள்ள வெவெஸ்ஸ தோட்டமே அதற்குச் சாட்சி. 1940இல் ஊவாவில் தோட்ட வேலைநிறுத்தங்கள் பரவியபோது, லங்கா சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கத்தில் இருந்த வெவெஸ்ஸ தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கலந்துகொண்டே நிர்வாகம் நடத்துவதாகத் தோட்டத் துரை ஒப்புக்கொண்டார். ‘ஒழுங்கை’ நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரின் துப்பாக்கிகளைத் தொழிலாளர்களே பறித்துவிட்டார்கள். கோப்பிக் காலத்திலிருந்து கங்காணியின் கைக்குள் கிடந்தவர்கள் என்று எண்ணப்பட்ட மக்கள் செய்த காரியம் இது. துணிச்சல் இருந்தது. துப்பாக்கியும் ஒரு கணம் கைக்கு வந்தது. அதைவிட அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது, துரை எதிரே உட்கார்ந்து பேச வேண்டி வந்ததுதான்.

இந்த இடத்தில் ஒப்பிட வேண்டிய இன்னொரு ஊவா இருக்கிறது. 1971 ஏப்ரல் 5ஆம் திகதி இரவு நாடெங்கும் ஒரே நேரத்தில் பொலிஸ் நிலையங்களைத் தாக்குவது மக்கள் விடுதலை முன்னணியின் திட்டம். செய்தி போன வழியில் நேர்ந்த பிழையால், ஒரு குழு மட்டும் அன்று விடியற்காலையிலேயே தாக்கிவிட்டது. அந்த இடம் வெல்லவாய. பதுளை மலைகளிலிருந்து தெற்கே இறங்கினால் வரும் மொனராகலை மாவட்டத்து ஊர். சுதந்திர இலங்கையின் முதல் ஆயுதக் கிளர்ச்சியில் முதல் வெடிச்சத்தம் கேட்டது ஊவாவில். சுட்டவர்கள் சிங்களக் கிராமத்து இளைஞர்கள்.

அவர்கள் தோட்டத் தொழிலாளரைவிட ஏழைகளா? பெரும்பாலும் இல்லை. குடியுரிமை இருந்தது, வாக்கு இருந்தது, இலவசக் கல்வியால் பள்ளிக்கூடம் முடித்த சான்றிதழும் இருந்தது. வேலைதான் இல்லை. அமெரிக்க அரசறிவியலாளர் டெட் கர் 1970இல் எழுதிய ‘மனிதர்கள் ஏன் கலகம் செய்கிறார்கள்’ என்ற நூலின் மையக் கருத்து இதைத் தொடுகிறது. வறுமை நேராகக் கலகத்தைப் பெற்றெடுப்பதில்லை. தனக்கு உரியது என்று ஒருவர் நம்பியதற்கும் கைக்குக் கிடைத்ததற்கும் இடையில் விழும் பள்ளத்தில்தான் ஆத்திரம் தேங்குகிறது என்றார் அவர். வெல்லவாய இளைஞனுக்கும், பல்கலைக்கழகத் தரப்படுத்தலால் கதவடைபட்ட யாழ்ப்பாண இளைஞனுக்கும் அந்தப் பள்ளம் ஒன்றுபோலவே இருந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு அக்காலத்தில் பள்ளிக்கூடம் என்பதே பல இடங்களில் ஓர் ஆசிரியரும் ஒரு கொட்டகையும்தான். கல்வி காட்டும் கனவையே அவனிடமிருந்து முன்கூட்டிப் பறித்திருந்தார்கள். இதை அமைதியின் காரணம் என்று எழுதுவதற்கே மனம் கூசுகிறது. ஆனால் உண்மையின் ஒரு பகுதி இதுதான்.

இன்னும் வருத்தமான விஷயம் ஒன்று. அந்தச் சிங்கள இளைஞர்களுக்கு மக்கள் விடுதலை முன்னணி இரகசியமாக நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ பற்றியது. பக்கத்து மலையில் கொழுந்து பறிப்பவளை இந்திய ஆதிக்கத்தின் கருவியாகப் பார்க்க அது கற்பித்தது. இப்படிக் கற்பிக்க முடிந்ததற்கு ஊவாவின் மண்ணில் ஆழமான வேர் இருக்கிறது. 1817இல் வெல்லஸ்ஸவில் வெடித்த எழுச்சியை அடக்க பிரிட்டிஷ் ஆளுநர் பிரவுன்ரிக்கின் படை வீடுகளையும் வயல்களையும் அழித்துக்கொண்டே போனது. அடக்க அனுப்பப்பட்ட ஊவா திசாவை கெப்பெட்டிப்பொல, எழுச்சியாளர் பக்கமே சேர்ந்து 1818 நவம்பரில் தலை வெட்டப்பட்டார். 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத நிலத்தை அரசுடைமை என்றது. காடு கோப்பித் தோட்டமாயிற்று. கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலை. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து பஞ்சத்தால் விரட்டப்பட்டு வந்தவர்கள் அந்த நிலத்தில் வேலைக்கு நிறுத்தப்பட்டார்கள். நிலத்தைப் பறித்தவன் கப்பலேறிப் போய்விட்டான். பறிபோன நிலத்தில் கண்ணுக்குத் தெரிந்தவர் தமிழ்த் தொழிலாளி மட்டுமே. 1951இல் அறிக்கை தந்த கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு, மத்திய, ஊவா மாகாணக் கிராமங்களின் வறுமையை ஆவணப்படுத்தியது. அந்த வறுமை மெய்யானது. அதற்குப் பொறுப்பாளி யார் என்பதில்தான் வழி தவறியது. இரண்டு ஏழை மக்கள் கூட்டங்கள், ஒரே பேரரசு செய்த காயத்துக்கு ஒன்றையொன்று குற்றம் சாட்டிக்கொண்டு நூறாண்டுகள் அருகருகே வாழ்ந்தன.

ஆய்வுலகம் தரும் இன்னொரு விடை நிலத்தைப் பற்றியது. 1945 முதல் 1999 வரையிலான 127 உள்நாட்டுப் போர்களை ஆராய்ந்து ஜேம்ஸ் ஃபியரனும் டேவிட் லெய்ட்டினும் 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனக்குறை எங்கும் உண்டு, கிளர்ச்சி நீடிக்க வசதி இருக்கும் இடத்தில்தான் போர் மூள்கிறது என்பது அவர்களின் வாதம். பலவீனமான அரசு, ஒளிந்துகொள்ள மலை. ஊவாவில் மலைக்கா பஞ்சம்? நமுனுகுலையும் மடுல்சீமையும் ஹப்புத்தளையும் வரைபடத்தில் கெரில்லாப் போருக்கென்றே வார்த்தவை போலத் தெரியும்.

அங்கு நடந்து பார்த்தவர்களுக்கு வேறு உண்மை தெரியும். தேயிலை மலையில் ஒளிய முடியாது. காடு வெட்டப்பட்டு இடுப்பளவுச் செடி நிற்கிறது. ஒவ்வொரு நம்பர் மலைக்கும் பாதை உண்டு, ஒவ்வொரு பாதைக்கும் கணக்கப்பிள்ளை உண்டு. லயம் என்பதே ஒரே பார்வையில் எண்ணிவிடக்கூடிய வரிசை. காலையில் பிரட்டுக்களத்தில் யார் வரவில்லை என்பது ஆறரை மணிக்கே பெரிய துரைக்குத் தெரியும். தோட்டத்தின் எல்லை முடியும் இடத்தில் ‘நாடு’ தொடங்குகிறது; சிங்களக் கிராமத்தைத் தோட்டத்து மக்கள் அப்படித்தான் சொல்வார்கள். 2012 கணக்கெடுப்பில்கூடப் பதுளை மாவட்டத்தில் இந்தியத் தமிழராகப் பதிவானோர் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. இயக்கங்களில் ஈரோஸ் மலையகத்தையும் ஈழத்தின் வரைபடத்துக்குள் கொண்டுவந்து சிந்தித்தது. வரைபடம் போட்டவர்களுக்குப் பின்வாங்க வன்னிக் காடும் பாக்கு நீரிணையும் இருந்தன. தீ வைக்கப்பட்டால் லயத்துக்கு ஒரே ஒரு வாசல்.

ஆகவே அச்சமும் கணக்கில் சேர வேண்டியதே. ஆனால் அது முழுக் கணக்காகிவிடாது. 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியபோது, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அதை நிறைவேற்றிய தமிழர் கூட்டணியின் தலைவர்களில் ஒருவராக இருந்தார். தன் மக்களின் வழி அதுவல்ல என்று விலகி நின்றார். 1978இல் ஜே. ஆர். ஜெயவர்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். 1983இல் தன் மக்கள் தாக்கப்பட்டபோதும் அமைச்சராகவே இருந்தார் என்ற விமர்சனம் இன்றும் உயிரோடு இருக்கிறது, இருக்க வேண்டியதும்தான். எனினும் 1986 தைப்பொங்கலை ஒட்டி அவரது சங்கம் தொடங்கிய போராட்டத்தை ஆய்வாளர்கள் போதிய கவனத்தோடு பார்த்ததில்லை. அதன் பெயர் வேலைநிறுத்தம் அல்ல, பிரார்த்தனை. காலையில் மலைக்கு ஏறாமல் கோவிலடியில் கூடி மக்கள் வேண்டுதல் செய்தார்கள். கொழுந்து முற்றியது. போர்க்காலத்தில் அரசுக்கு அந்நியச் செலாவணி தந்துகொண்டிருந்தது தேயிலை. சாமி கும்பிடுகிறவர்களைச் சுட முடியாது, கும்பிட வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அந்த ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 94,000 பேருக்குப் பிரஜாவுரிமைக்கு வழி திறந்தது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் மீதியை முடித்தன.

எரிக்கா செனோவெத், மரியா ஸ்டெஃபன் ஆகியோர் 1900க்கும் 2006க்கும் இடையே நடந்த 323 போராட்டங்களை எண்ணிப் பார்த்து, ஆயுதமற்றவற்றில் பாதிக்கு மேல் வென்றதையும் ஆயுதம் ஏந்தியவற்றில் கால்வாசியளவே வென்றதையும் 2011இல் நூலாக்கினார்கள். அந்தப் பட்டியலின் அளவுகோலுக்குள் மலையகப் பிரார்த்தனை அடங்காது. அது அரசைக் கவிழ்க்கவோ நாட்டைப் பிரிக்கவோ எழுந்ததல்ல. ஆனால் நாடற்றவர்களாக வாக்கில்லாமல் நின்றவர்கள், கை விரலின் வேலையை நிறுத்தியே ஒரு சட்டத்தை எழுதவைத்தார்கள். ஊவாத் தோட்டங்கள் ஏன் ஆயுதம் ஏந்தவில்லை என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடைகளில் வலுவானது இங்கேதான் இருக்கிறது: முழுவதும் அடைபடாத ஒரு கதவு. அதன் பெயர் தொழிற்சங்கம். அது ஊழல் படிந்த கதவாக இருந்தது, கொழுந்தெடுக்கும் பெண்களின் சந்தாவில் ஆண்கள் தலைமை வகித்த கதவாக இருந்தது. ஆனாலும் தட்டினால் மறுபக்கத்தில் ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வடக்கில் காலப்போக்கில் அப்படி ஒரு கதவும் மிஞ்சவில்லை.

போர் வராததால் அமைதி வந்துவிட்டதா என்பது அடுத்த கேள்வி. நோர்வேயின் யொஹான் கால்டுங் 1969இல் எழுதிய கட்டுரை இதற்காகவே ஒரு சொல்லைத் தந்தது: கட்டமைப்பு வன்முறை. ஆளை ஆள் அடிப்பது மட்டும் வன்முறையன்று. தவிர்க்கக்கூடிய சாவை ஒரு சமூக ஏற்பாடே தவிர்க்காமல் விடுமானால் அதுவும் வன்முறை. ஊவாவில் இதற்கு விளக்கவுரை வேண்டாம். 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே குடியிருப்பது ஆபத்து என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். போவதற்கு வேறு நிலம் தரப்படவில்லை. இருநூறு ஆண்டுகள் உழைத்த சமூகத்துக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லை என்பதே அந்தச் சாவுகளின் காரணம். 1987இன் பிரதேச சபைச் சட்டமும் அப்படித்தான். தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சபை, தோட்டத்துப் பாதையில் ஒரு கல்லைக்கூடப் போட முடியாதபடி அதன் 33ஆம் பிரிவு தடுத்தது. அந்தத் தடை 2018இல்தான் நீங்கியது.

போரிலிருந்தும் மலையகம் தப்பவில்லை. 1977, 1983 வன்செயல்களில் விரட்டப்பட்ட தோட்டக் குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறின. 1977இல் விரட்டப்பட்டவர்களுக்குக் காந்தீயம் அமைப்பு நிலம் தேடிக் கொடுத்தது. அதன் செயலாளர் டாக்டர் இராஜசுந்தரம், பதுளை எரிந்த அதே 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அமைதி தேடி வன்னிக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் 2009இல் போரின் நடுவில் சிக்கினார்கள்.

ஊவா மண்ணுக்கே போர் ஒருநாள் நேராக வந்தது. அதுவும் ‘புனர்வாழ்வு’ என்ற பெயர் தாங்கிய இடத்துக்கு. பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவயில் ஒரு முகாம் இருந்தது. விடுதலைப் புலிகள் இயக்கத்திலிருந்து வந்து சரணடைந்தவர்களும் சந்தேகத்தில் பிடிபட்டவர்களுமான தமிழ் இளைஞர்கள், சிறுவர்கள் உட்பட, அங்கே வைக்கப்பட்டிருந்தார்கள். ஊர்க்காரர்களோடு நல்லுறவு இருந்தது. சிரமதானத்துக்குக்கூட ஒன்றாகப் போயிருக்கிறார்கள். 2000 அக்டோபர் 24 மாலை, விடுதலை தாமதமாவதையும் கடிதங்கள் கைக்கு வராததையும் சொல்லி முகாமில் உள்ளவர்கள் கொந்தளித்தார்கள். அன்றிரவு ஊரில் சுவரொட்டிகள் முளைத்தன. மறுநாள் காலை ஆயிரக்கணக்கானோர் கத்தி, பொல்லுகளோடு முகாமைச் சூழ்ந்தார்கள். உள்ளே 41 பேர். ஏறக்குறைய 60 பொலிஸார் ஆயுதங்களோடு அங்கேயே நின்றார்கள். 27 பேர் வெட்டியும் அடித்தும் எரித்தும் கொல்லப்பட்டார்கள்.

ஜனாதிபதி ஆணைக்குழு அமைந்தது. 41 பேர் மீது வழக்குத் தாக்கலாயிற்று. 2003 ஜூலை 1இல் பொலிஸ் அதிகாரிகள் உட்பட ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005 மே மாதத்துக்குள் உச்ச நீதிமன்றம் ஐவரையும் விடுவித்தது. 27 கொலைகளுக்கு இன்று தண்டனை பெற்றவர் ஒருவரும் இல்லை.

சமாதானத்தைப் பற்றிச் சிந்திப்பவர்களை உறங்கவிடாத நிகழ்வு இது. பழகினால் பகை தீரும் என்ற எளிய நம்பிக்கையை அது உடைத்துவிடுகிறது. பழகியவர்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தியாவின் ஆறு நகரங்களை, அலிகாரை கோழிக்கோட்டோடு என்பதுபோல, ஜோடி ஜோடியாக ஒப்பிட்டு அசுதோஷ் வர்ஷ்னி 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு திறவுகோல் தருகிறது. தெருவில் சிரித்துப் பேசுவது கலவரத்தைத் தாங்காது. இரு சமூகத்தாரும் உறுப்பினராக உள்ள வணிகர் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை போன்ற அமைப்புகள்தான் தாங்கும், ஏனெனில் வதந்தி கிளம்பிய அந்த மணி நேரத்தில் அதை விசாரித்து மறுக்க அவற்றுக்கு ஆட்கள் உண்டு என்கிறார் அவர். இந்தியக் கலவரங்களை ஆராய்ந்த போல் பிராஸ் மறுபக்கத்தைப் பார்த்தார்: கலவரம் தானாக மூள்வதில்லை, மூட்டுவதில் தேர்ந்தவர்கள் ஊரில் தயாராக இருக்கிறார்கள். பதுளையில் மோட்டார் சைக்கிளில் தொடங்கி பஸ்களில் ஏறிப்போன கும்பலின் பயண ஒழுங்கை நினைத்தால் பிராஸ் சொல்வதை மறுப்பது கடினம்.

ஊவாவின் தோட்டத் தொழிற்சங்கங்களில் பெரும்பாலும் தமிழர். கிராமத்து விவசாயச் சங்கங்களில் சிங்களவர். வர்ஷ்னி தேடிய பொது மேசை இரண்டுக்கும் நடுவில் இல்லை. பண்டாரவளை, ஹப்புத்தளை, ஹல்தும்முல்லை போன்ற பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. 2005இல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் எழுந்தது. தமிழில் முறைப்பாட்டை எழுதிக்கொள்ளும் பொலிஸ்காரர் ஒருவர் நிலையத்தில் இருப்பதும் சமாதானத்தின் ஒரு செங்கல்தான். செங்கல்கள் உண்டு. சுவர் இன்னும் எழவில்லை.

மானிடவியலாளர் ஈ. வாலன்டைன் டேனியல், தோட்டத்துப் பெண்களின் நாட்டார் பாடல்களைப் பதிவு செய்ய 1983இல் இலங்கைக்கு வந்தார். மக்கள் பாடவில்லை; பட்ட வன்முறையைச் சொன்னார்கள். அவர் எழுத வேண்டியிருந்த நூலே மாறிப்போயிற்று. அப்படிக் கேட்டு எழுதும் வேலை ஊவாவில் பெருமளவு பாக்கி கிடக்கிறது. 1983 ஜூலை 25க்கும் 27க்கும் இடையில் பதுளைக்கு இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் இருந்தது. அந்த நாட்களில் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) என்ன பேசினார்கள், பொலிஸ் நிலையத்துக்கு என்ன உத்தரவு வந்தது, எந்தக் கடைக்காரர் எந்தச் சிங்கள நண்பரிடம் சாவியைக் கொடுத்தார், எந்தத் தோட்டத்து எல்லையில் ‘நாட்டு’ ஆட்களே நின்று கும்பலைத் திருப்பி அனுப்பினார்கள், எந்த எல்லையில் வழி விட்டார்கள்? அன்று இருபது வயதில் இருந்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். லயத்திலும் கிராமத்திலும், தமிழிலும் சிங்களத்திலும், அவர்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். பதுளை மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பத்தரை மணிக்கு முன்னால் நின்றவர்கள் யார் என்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.